சோம்பலா, இயலாமையா? வெளியே தெரியாத களைப்பும் நம் தீர்ப்புகளும்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழ்ந்த நல்லோர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! மாடியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்தவனாக இந்த உரையை ஆரம்பிக்கிறேன்.

ரமழானுக்கு இன்னும் மூன்று வாரங்கள்தான் இருக்கின்றன. இந்த நாட்களில் நோன்பின் சிறப்பையும் தராவீஹின் சிறப்பையும் பேசுவது வழக்கம். இன்று அதற்கு முன்னால் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருக்கும் ஒருவர் "என்னால் முடியவில்லை" என்று சொல்கிறார். காய்ச்சல் இல்லை, கட்டு இல்லை, கையில் ஊன்றுகோல் இல்லை. அவர் சொல்வதை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? அவரே தன்னைப் பற்றி எப்படி முடிவு செய்வது? தான் சோம்பேறியா, நோயாளியா என்று இரவில் படுத்துக்கொண்டு தன்னையே விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள்.

நான் செய்த ஒரு தவறு

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் நான் செய்த ஒரு தவறு. சம்பந்தப்பட்ட சகோதரியின் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவர் யார், எந்த ஊர் என்று யாரும் யூகிக்க வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், என் வீட்டாளுக்குக் கொஞ்சம் நஸீஹத் செய்யுங்க. ஸுபுஹு தொழுதுட்டுப் படுத்தா பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறா. பிள்ளைக்குச் சோறு கட்டிக்கொடுக்கிறதுகூட எங்க உம்மாதான். இந்த வயசுல உட்கார்ந்து தொழுகிறா. டாக்டர்கிட்ட காட்டினோம், ரத்தம் கம்மின்னு சத்து மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டும் அப்படியேதான் இருக்கிறா. பார்த்தா நல்லாத்தான் இருக்கிறா" என்றார்.

அந்தச் சகோதரிக்கு அப்போது வயது 27. நான் அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். பலமான இறைநம்பிக்கையாளர் அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானவர் என்ற ஹதீஸைச் சொன்னேன். வாலிபத்தில் உட்கார்ந்து தொழுவது பழக்கமாகிவிடக் கூடாது என்றேன். கணவருக்கும் பிள்ளைக்கும் செய்ய வேண்டிய கடமைகளைச் சொன்னேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். அந்தப் பத்து நிமிடத்தில் நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் "சரிங்க ஹஜ்ரத், துஆ செய்யுங்க" என்று மட்டும் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து கால்கள் வீங்கி, முகம் வீங்கி அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். லூபஸ் என்ற நோய் என்று கண்டுபிடித்தார்கள். அது சிறுநீரகங்களையும் தாக்கத் தொடங்கியிருந்தது. இந்த நோய் பல மாதங்களாகவே உடம்பில் இருந்திருக்கும், களைப்பு அதன் அடையாளங்களில் ஒன்று என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அவர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு நான் என் குடும்பத்தாருடன் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை மறக்க முடியவில்லை. "நீங்க கண்டிச்சது எனக்குப் பெருசா தெரியலை ஹஜ்ரத். அன்னையிலிருந்து நின்னு தொழப் பார்த்தேன். ஸஜ்தாவிலிருந்து எழுந்திருக்க முடியாம அப்படியே கிடந்த நாளெல்லாம் உண்டு. அல்லாஹ்வும் என்னைச் சோம்பேறின்னுதான் நினைக்கிறானோன்னு தோணிப்போச்சு. அப்புறம் அவன்கிட்ட கையேந்தவே வெட்கமாயிடுச்சு."

அன்பானவர்களே! நோய் அவருடைய உடம்பைத்தான் பிடித்தது. துஆவுக்காக ஏந்திய கையைக் கீழே இறக்க வைத்தது என் வார்த்தை.

நபித்தோழர்களின் காலத்தில் ஒரு பயணத்தில் நடந்ததை அபூதாவூதில் (336) பார்க்கிறோம். ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் கிடைக்கிறதே, உனக்குச் சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவர்களே அவரைக் கொன்றுவிட்டதாகக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்று உணர்த்தினார்கள். இந்த ஹதீஸை நான் மதரஸாவில் ஓதியிருக்கிறேன், பிறருக்குப் பாடமும் நடத்தியிருக்கிறேன். ஆனால் எனக்கு அது தேவைப்பட்ட அந்தப் பத்து நிமிடத்தில் என் நினைவுக்கு வரவில்லை.

இது என்ன களைப்பு?

நம் உடம்புக்குள் கிருமிகளை எதிர்த்துப் போராட அல்லாஹ் ஒரு காவல் படையை வைத்திருக்கிறான். நோய் எதிர்ப்பு ஆற்றல் என்று அதைச் சொல்கிறோம். சில பேருக்கு அந்தப் படை ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்க ஆரம்பிக்கிறது. மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம் எனப்படும் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். தைராய்டைத் தாக்கினால் ஹாஷிமோட்டோ. உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கினால் ஷோக்ரன். நரம்புகளின் உறையைத் தாக்கினால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல இடங்களைத் தாக்கக்கூடியது லூபஸ். லூபஸ் நோயாளிகளில் 10 பேரில் ஏறத்தாழ 9 பேர் பெண்கள். பெரும்பாலும் குழந்தை பெறும் வயதில் வருகிறது.

இந்த நோய்கள் எல்லாவற்றிலும் நோயாளிகள் பரவலாகச் சொல்லும் குறை களைப்பு. வயலில் வேலை செய்துவிட்டு வரும் களைப்புக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அந்தக் களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். இது தூங்கி எழும்போதே கூடவே எழுந்து வருகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். உங்களுக்குக் கடுமையான ஃப்ளூ காய்ச்சல் வந்த நாளை நினைத்துப் பாருங்கள். கை கால் அசைக்க முடியாது. பிள்ளை வந்து கூப்பிட்டால்கூடப் பதில் சொல்ல மனம் வராது. ஏன்? கிருமியோடு போராடும்போது உடம்பு சைட்டோகைன் என்ற வேதிப்பொருட்களைச் சுரக்கிறது. அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன: படு, வேலையை நிறுத்து, சக்தியைச் சேமி என்று. காய்ச்சல் நான்கு நாளில் போய்விடும், செய்தியும் நின்றுவிடும். இந்த நோயாளிகளின் உடம்பில் அந்தப் போர் ஓய்வதில்லை. அதனால் செய்தியும் ஓய்வதில்லை. நமக்கு வருடத்தில் நான்கு நாள் நடப்பது அவர்களுக்கு மாதக்கணக்கில் நடக்கிறது. நம்மை அந்த நான்கு நாளில் யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் சுட்டது, அவ்வளவுதான். அவர்களுக்கு நெற்றி சுடுவதில்லை.

இரண்டு வார்த்தைகள்

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி கேட்ட பாதுகாப்புத் துஆ ஒன்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதில் அடுத்தடுத்து இரண்டு விஷயங்களிலிருந்து பாதுகாப்புத் தேடினார்கள். ஒன்று அஜ்ஸு. மற்றொன்று கஸல். நம்மில் பலர் காலை மாலை ஓதும் துஆதான். ஏன் இரண்டு வார்த்தைகள் என்று நாம் யோசித்திருக்கிறோமா?

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விளக்கவுரையில் இதைப் பிரித்துக் காட்டுகிறார்கள். கஸல் என்றால், செய்ய முடிந்தும் நன்மையின் பக்கம் மனம் எழாமல் இருப்பது. அஜ்ஸு என்றால், செய்வதற்கான ஆற்றலே இல்லாமல் இருப்பது. முதலாவது சோம்பல். இரண்டாவது இயலாமை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு பேரும் படுக்கையில்தான் கிடப்பார்கள். இரண்டு வீட்டிலும் பாத்திரம் கழுவப்படாமல்தான் இருக்கும். ஆனால் அல்லாஹ்விடத்தில் இரண்டுக்கும் ஒரே கணக்கு இல்லை. சோம்பலுக்கு விசாரணை உண்டு. இயலாமைக்கு மன்னிப்பு உண்டு, பொறுத்துக்கொண்டால் கூலியும் உண்டு. எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்று அல்பகரா அத்தியாயத்தின் கடைசி வசனம் அறிவிக்கிறது. அந்தச் சக்தி எவ்வளவு என்பதை அளக்கும் தராசு அண்டை வீட்டுக்காரரின் கண்ணில் வைக்கப்படவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நபியவர்கள் இயலாமையிலிருந்தும் பாதுகாப்புத் தேடினார்கள். அப்படியென்றால் அது ஒரு கஷ்டம், ஒரு சோதனை. சும்மா படுத்திருப்பது சுகம் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

களைப்பை வஹீ அறிந்திருக்கிறது

களைப்பாக இருக்கிறது என்று சொல்வது ஈமானின் குறைவா? மூஸா (அலை) அவர்களை விடவா நாம் உறுதியானவர்கள்? கிழ்ரு (அலை) அவர்களைத் தேடிப் போன பயணத்தில், தம் உதவியாளரிடம் காலை உணவைக் கொண்டுவரச் சொன்னார்கள். இந்தப் பயணத்தில் நாம் களைத்துவிட்டோம் என்றார்கள். கஹ்ஃபு அத்தியாயத்தின் 62ஆம் வசனம். ஒரு நபி தம் களைப்பை வாய்விட்டுச் சொன்னதை அல்லாஹ் கியாமத் நாள் வரை ஓதப்படும் வேதத்தில் வைத்திருக்கிறான்.

அந்த வசனத்தில் களைப்புக்கு வந்திருக்கும் வார்த்தை நஸப். அதே வார்த்தையை ஒரு ஹதீஸிலும் பார்க்கிறோம். ஒரு முஸ்லிமுக்கு ஏற்படும் களைப்பு, நோய், கவலை, துக்கம், அவர் காலில் தைக்கும் முள் வரை எதுவானாலும் அதன் மூலம் அல்லாஹ் அவருடைய பாவங்களை அழிக்கிறான் என்பது அதன் கருத்து (புகாரி: 5641). அந்தப் பட்டியலில் முதலில் வருவது களைப்பு. நோய் இரண்டாவதாகத்தான் வருகிறது. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் களைப்பு போகவில்லை என்று சொல்லும் சகோதரியே! உங்கள் களைப்புக்கு ஆய்வகத்தின் சான்றிதழ் கிடைக்காமல் போகலாம். அல்லாஹ்விடம் அது பதிவாகியிருக்கிறது.

அய்யூப் (அலை) அவர்கள் தம் கஷ்டத்தை அல்லாஹ்விடம் எடுத்துச் சொன்னார்கள். தமக்குத் துன்பம் தீண்டிவிட்டது என்று முறையிட்டார்கள். அவரைத்தான் பொறுமையாளர் என்று ஸாது அத்தியாயத்தில் அல்லாஹ் பாராட்டுகிறான். முறையிடுவதும் பொறுமையும் ஒரே உள்ளத்தில் இருக்கலாம். அல்லாஹ்விடம் கையேந்த வெட்கப்பட எந்தக் காரணமும் இல்லை.

பலமான முஃமின் என்றால் யார்?

இங்கே ஒரு கேள்வி வரும். நான் அந்தச் சகோதரியிடம் சொன்ன ஹதீஸ் சரியான ஹதீஸ்தானே? ஆமாம், முஸ்லிமில் (2664) வருகிறது. ஆனால் நான் பாதியைத்தான் சொன்னேன். பலமான முஃமின் பலவீனமான முஃமினை விடச் சிறந்தவர் என்று சொன்ன நபியவர்கள், அதை ஒட்டியே, இருவரிடமும் நன்மை இருக்கிறது என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகு, பயன் தருவதில் ஆர்வம் கொள்ள வேண்டும், அல்லாஹ்விடம் உதவி தேட வேண்டும், இயலாமையில் முடங்கிவிடக் கூடாது என்று வழிகாட்டினார்கள். அந்தப் பலம் மன உறுதியின் பலம் என்று நவவி (ரஹ்) விளக்குகிறார்கள். வீங்கிய விரல்களோடு படுக்கையில் உட்கார்ந்தபடி அஸரைத் தவறவிடாத ஒரு பெண்ணை அந்த ஹதீஸின் எந்தப் பக்கத்தில் நிறுத்துவீர்கள்?

இந்த ஹதீஸ் நோயாளிக்கும் ஒரு பொறுப்பைத் தருகிறது. பயன் தருவதைத் தேட வேண்டும். மருத்துவம் செய்ய வேண்டும். களைப்புக்குப் பின்னால் ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு போன்றவை ஒளிந்திருக்கலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. லூபஸிலும் முடக்குவாதத்திலும் மருத்துவரின் ஆலோசனையோடு செய்யும் அளவான நடையும் உடற்பயிற்சியும் களைப்பைக் குறைக்க உதவுகின்றன. எல்லாம் தலைவிதி என்று சொல்லி மருந்தை விடுவது தவக்குல் ஆகாது.

நோயாளி தன்னை எப்படி அறிவது?

"ஹஜ்ரத், மற்றவர்களை விடுங்கள். எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இன்று நான் படுத்தது இயலாமையா, சோம்பலா?" நேர்மையான நோயாளிகள் கேட்கும் கேள்வி இது. இதற்கு ஒவ்வொரு நாளும் துல்லியமான விடை கிடைக்காது. ஆனால் வழி காட்டும் சில அடையாளங்கள் உண்டு.

தபூக் போருக்கு வர வசதியில்லாமல் திரும்பிப் போனவர்களைப் பற்றித் தவ்பா அத்தியாயம் 92ஆம் வசனம் பேசுகிறது. அவர்களுடைய கண்கள் கண்ணீர் வடித்தன. வசதி இருந்தும் பின்தங்கியவர்களுக்கு அந்தக் கண்ணீர் இல்லை. ஆக, முடியாமல் போனது வருத்தமாக இருக்கிறதா, நிம்மதியாக இருக்கிறதா என்று உங்களிடமே கேட்டுப் பாருங்கள். முடிந்த நாளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். பலம் வந்த நாளில் தொழுகைக்கும் பிள்ளைக்கும் ஓடுகிறீர்கள் என்றால், பலம் வராத நாளைப் பற்றிப் பயப்படாதீர்கள். நீண்ட நோயில் சில சமயம் ஆசையே களைத்துப்போகும். எதிலும் மனம் போகாது, கண்ணீரும் வராது. அதுவும் நோயின் ஒரு முகமாக இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம்.

தன்னைத் தானே வதைப்பது வணக்கமாகாது என்பதற்கு ஒரு சம்பவம். நபி (ஸல்) அவர்கள் பள்ளிக்குள் நுழைந்தபோது இரண்டு தூண்களுக்கு இடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. அது ஸைனப் (ரலி) அவர்களுடையது, தொழுகையில் களைத்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. நபியவர்கள் அதை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகம் இருக்கும்வரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்றார்கள் (புகாரி: 1150). நல்ல எண்ணத்தோடு கட்டிய கயிறுதான் அது. அதையும் அவிழ்க்கச் சொன்னார்கள். நம்மில் எத்தனை பேர் ஊரார் என்ன சொல்வார்களோ என்ற கயிற்றில் தொங்கிக்கொண்டு நிற்கிறோம்?

2003இல் அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ்டீன் மிசரண்டினோ என்ற லூபஸ் நோயாளி ஒரு கட்டுரை எழுதினார். உன் நோய் எப்படி இருக்கும் என்று தோழி கேட்டபோது, உணவக மேசைகளில் இருந்த ஸ்பூன்களைச் சேகரித்து அவர் கையில் கொடுத்தாராம். இவைதான் உன்னுடைய இன்றைய பலம். படுக்கையிலிருந்து எழ ஒன்று, குளிக்க ஒன்று, உடுத்த ஒன்று என்று ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். வேலைக்குப் போகும் முன்பே கை பாதி காலி. உலகம் முழுவதும் நோயாளிகள் இன்று இந்த உவமையைப் பயன்படுத்துகிறார்கள்.

முஸ்லிம்களாகிய நமக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. ரிஸ்க் என்பது காசு மட்டும் இல்லை, பலமும் ரிஸ்க்தான். அல்லாஹ் நாடியவர்களுக்கு விரிவாகக் கொடுக்கிறான், நாடியவர்களுக்கு அளந்து கொடுக்கிறான். ஆயிரம் ரூபாய் சம்பாதிப்பவரிடம் லட்ச ரூபாயின் ஜகாத்தை யாரும் கேட்பதில்லை. அளந்து கிடைத்ததை எதில் செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி. முதலில் ஃபர்ளு. பிறகு உடம்பின் உரிமை, வீட்டாரின் உரிமை. கொஞ்சம் நன்றாக இருக்கும் நாளில் மாதம் முழுக்கத் தேங்கிய வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுக்கையில் விழுவது கடன் வாங்கிச் செலவு செய்வது போன்றது. குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழி (புகாரி: 6464) இந்த நோயாளிகளுக்கென்றே சொன்னது போல இருக்கிறது.

விட்டுப்போன அமல்கள்? ஓர் அடியார் நோயுற்றால், ஆரோக்கியமாக இருந்தபோது வழக்கமாகச் செய்துவந்த அமல்கள் அவருக்காக எழுதப்படும் என்று நபியவர்கள் அறிவித்தார்கள் (புகாரி: 2996). மதீனாவில் தங்கிவிட்ட சிலர் பற்றி, நீங்கள் கடந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் அவர்கள் உங்களோடு இருந்தார்கள், நோய்தான் அவர்களைத் தடுத்தது என்று படையினரிடம் சொன்னார்கள் (முஸ்லிம்: 1911). தராவீஹுக்கு வர முடியாமல் வீட்டில் படுத்து அழும் சகோதரி, இன்ஷா அல்லாஹ், நம்மோடு ஸஃப்பில் நிற்கிறார்.

ரமழானுக்கு முன்னால் சில விஷயங்கள்

தொழுகை: நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழும்படி இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னார்கள் (புகாரி: 1117). அவருக்கு இருந்தது மூல நோய். அதுவும் வெளியே தெரியாத நோய்தான். அவரைப் பார்த்து யார் கண்டுபிடித்திருக்க முடியும்?

உளூ: குளிர்ந்த தண்ணீர் பட்டால் சிலருக்கு விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். வெந்நீரில் உளூ செய்யுங்கள். தண்ணீரே தீங்கு செய்யும் என்றால் தயம்மும் பற்றி ஆலிமிடம் கேளுங்கள். நோய்க்காக இரண்டு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதையும் வெட்கப்படாமல் கேளுங்கள்.

நோன்பு: நோயாளிக்கான சலுகையை அல்பகரா 184, 185 வசனங்கள் தெளிவாகச் சொல்கின்றன. அல்லாஹ் நமக்கு இலகுவை நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்று அங்கேயே அறிவிக்கிறான். பிறகு நோற்க வாய்ப்புள்ளவர்கள் கழா செய்வார்கள். குணமாகும் நம்பிக்கை இல்லாதவர்கள் ஃபித்யா கொடுப்பார்கள். எந்த வகையில் சேர்வீர்கள் என்பதை இந்த மூன்று வாரத்துக்குள் மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மருந்து: இது மிக முக்கியம். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பல வாரங்களாகச் சாப்பிடுபவர்கள் நோன்புக்காகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. அந்த மாத்திரையால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள். நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்வதை அல்லாஹ் தடுத்திருக்கிறான்.

வெயில்: சூரிய ஒளி பட்டால் பல லூபஸ் நோயாளிகளுக்கு நோய் கூடும். கல்யாண வீட்டிலோ மையித்து வீட்டிலோ வெயிலில் நிற்காமல் ஒருவர் உள்ளே போய் உட்கார்ந்தால், உடனே தப்பாக எண்ண வேண்டாம்.

குடும்பத்தாருக்கும் ஜமாஅத்துக்கும்

கணவர்மார்களே! நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாருக்கு வீட்டு வேலையில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று பதில் சொன்னார்கள் (புகாரி: 676). பிள்ளைக்குச் சோறு கட்டுவது உங்கள் ஆண்மையைக் குறைக்காது. ஃபாத்திமா (ரலி) அவர்கள் திருகை சுற்றிக் கை காய்த்துப்போய்த் தந்தையிடம் வந்தபோது, அவர்களைச் சோம்பேறி என்று நபியவர்கள் கண்டிக்கவில்லை. அன்று இரவு மகளின் வீட்டுக்கே போய் அருகில் அமர்ந்து, தூங்கும் முன் ஓத தஸ்பீஹ் கற்றுக்கொடுத்தார்கள். களைப்பைச் சொல்லி வந்த மகளைத் தேடிப் போன தந்தை அவர்கள்.

மாமியார்மார்களே, நாத்தனார்மார்களே! "எங்க காலத்துல நாங்க செய்யலையா?" என்று கேட்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். உங்களுக்கு அல்லாஹ் பலத்தை விரிவாகக் கொடுத்தான், அதற்கு ஷுக்ரு செய்யுங்கள். அதை இன்னொருவரை அடிக்கும் கம்பாக ஆக்காதீர்கள்.

ஜமாஅத்தார்களே! எண்ணங்களில் அதிகமானவற்றைத் தவிர்க்கும்படி ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் கட்டளையிடுகிறது. துருவி ஆராய்வதையும் புறம்பேசுவதையும் அதே வசனம் தடுக்கிறது. நாற்காலியில் தொழும் வாலிபனைப் பார்த்துச் சிரிப்பவர் ஒரே பார்வையில் இந்த மூன்றிலும் விழுகிறார். "நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்பதற்குப் பதிலாக "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பதில் சொன்னால் நம்புங்கள். யாராவது நம்மை ஏமாற்றிவிடுவாரோ என்று பயமா? ஒரு சோம்பேறியை நோயாளி என்று நம்பிவிட்டால் நமக்கு ஒரு தட்டுச் சோறும் கொஞ்சம் நேரமும்தான் நஷ்டம். ஒரு நோயாளியைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டால் என்ன நஷ்டம் என்பதை என் அனுபவத்தைச் சொல்லி ஆரம்பத்திலேயே விளக்கிவிட்டேன்.

இமாம்களாகிய எங்களுக்கும் இதில் பாடம் உண்டு. தொழுகையை நீட்டிய முஆத் (ரலி) அவர்களை நபியவர்கள் கண்டித்தார்கள். மக்களுக்குத் தொழவைப்பவர் சுருக்கமாகத் தொழவைக்கட்டும், அவர்களில் பலவீனரும் நோயாளியும் இருக்கிறார்கள் என்றும் கற்பித்தார்கள். இந்த ரமழானில் பின் ஸஃப்பில் இருபுறமும் நாற்காலிகள் போட நிர்வாகிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெண்கள் பகுதி மாடியில் இருப்பதால் படியேற முடியாதவர்களுக்குக் கீழே தனி இடம் ஏற்பாடாகிறது. அல்லாஹ் அவர்களுக்கு அருள்புரிவானாக!

இரண்டாம் குத்பாவிலிருந்து

அன்பிற்குரியவர்களே! அந்தச் சகோதரி இப்போதும் மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். சிறுநீரகம் ஓரளவு தேறியிருக்கிறது, அல்ஹம்து லில்லாஹ். களைப்பு போகவில்லை. உட்கார்ந்துதான் தொழுகிறார். ஸுபுஹுக்குப் பிறகு படுத்துத்தான் எழுகிறார். பிள்ளைக்குச் சோறு கட்டிக்கொடுப்பது இப்போது கணவர். போன மாதம் பேசியபோது, "துஆ கேட்கிறீர்களாம்மா?" என்று கேட்டேன். "கேட்கிறேன் ஹஜ்ரத். படுத்துக்கிட்டேதான் கேட்கிறேன்" என்றார்.

சுவனத்தில் நுழைந்தவர்கள் அல்லாஹ்வைப் புகழ்வதை ஃபாத்திர் அத்தியாயத்தின் 34, 35 வசனங்கள் சொல்கின்றன. கவலையை நீக்கியதற்காகப் புகழ்வார்கள். இங்கே எங்களை எந்தக் களைப்பும் தொடுவதில்லை என்பார்கள். சுவனத்தின் இன்பங்களில் ஒன்றாகக் களைப்பில்லாமையை அல்லாஹ் எடுத்துச் சொல்கிறான். தினமும் களைத்தே எழுகிறவர்களுக்கு அதன் அருமை நம்மை விட நன்றாகத் தெரியும்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக! தெரிந்த நோயையும் தெரியாத நோயையும் நீ அறிவாய், அவர்களின் களைப்பைப் பாவங்களுக்குப் பரிகாரமாக ஆக்குவாயாக! எங்களைச் சோம்பலிலிருந்தும் இயலாமையிலிருந்தும் பாதுகாப்பாயாக! தெரியாமல் தீர்ப்புச் சொல்லும் நாவிலிருந்து எங்களைக் காப்பாற்றுவாயாக! எங்கள் வார்த்தையால் உன்னிடம் கையேந்த வெட்கப்பட்டு நிற்கும் அடியார் யாராவது இருந்தால், அவரை உன் பக்கம் திரும்ப அழைத்துக்கொள்வாயாக! வரும் ரமழானை நோற்பவர்களிடமிருந்தும், உன் சலுகையை ஏற்றுக்கொண்டு நோற்காமல் இருப்பவர்களிடமிருந்தும் ஏற்றுக்கொள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.